மடித்த நுனி

மாமனார் பைக்கின் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, வயரோடு இன்ஜின் மேல் வைத்து அழுத்தினார்.

“உதை அம்மிணி.”

மருமகள் கிக்கரை உதைத்தாள். உள்ளங்கையைக் கவிழ்த்து வெயிலை மறைத்துப் பார்த்தார். நீலப் பொறி வரவில்லை.

சுற்றி நின்றவர்களும் குனிந்து பார்த்தார்கள். பார்க்கட்டும் என்று சற்று நேரம் அப்படியே வைத்திருந்தார்.

புது பிளக் போட்டார். உதைத்தாள். இல்லை.

பிளக் கேப்பை மாற்றினார். இல்லை.

“பொறிக்குக் கரண்ட் குடுக்கிற காயில் போயிருச்சு” என்றார். “கோயமுத்தூர் போனாத்தான் கிடைக்கும். இன்னைக்கு இது கிளம்பாது.”

முப்பத்தெட்டு வருடமாக வண்டி பார்க்கிறவர். அவர் செத்துவிட்டது என்றால் அந்த வண்டி செத்ததுதான்.

மண்மேட்டுக்கு அப்பால் மகன் தன் வண்டியைத் தள்ளிக்கொண்டு ஸ்டார்ட் லைனுக்குப் போனான். பந்தயத்துக்கு இன்னும் கால் மணி நேரம்.

போன மாதம் உடுமலைப் பக்கம் இதே போன்ற மண் பந்தயம். மருமகள் முதலாவதாக வந்தாள். மகன் நான்காவது. கோப்பை வாங்க அவள் மேடை ஏறியபோது அவருக்குப் பின்னால் நின்ற ஒருவன், எல்லோர் காதிலும் விழும்படி சொன்னான்.

“இனி உங்க ஊட்டுல பையன் சோறாக்கட்டும்ங்க.”

சிரித்தவர்களில் அவளுடைய அப்பாவும் இருந்தார்.

இன்று காலை எல்லோரும் டீ குடிக்கப் போன நேரத்தில் மாமனார் அவள் வண்டியின் டேங்க்கைத் தூக்கினார். இன்ஜினை நிறுத்துகிற சுவிட்சின் வயரை அரை அங்குலம் சுரண்டினார். சேஸிஸ் இரும்போடு சேர்த்துக் கறுப்பு டேப் சுற்றினார். பிளக்குக்குப் போக வேண்டிய கரண்ட் இனி இரும்பிலேயே இறங்கிவிடும்.

அவள் ஜெயித்தால் வீடு தோற்கும். அவ்வளவுதான்.

இப்போது, “பாத்தாச்சு. விடு” என்று அவளிடம் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனார்.

திரும்பி வந்தபோது அவள் டேங்க்கின் போல்ட்டை இறுக்கிக்கொண்டிருந்தாள். இடது மணிக்கட்டில் கறுப்பு டேப் துண்டு ஒன்று ஒட்டியிருந்தது.

அதன் நுனி மடிக்கப்பட்டிருந்தது.

டேப் சுற்றினால் கடைசி நுனியை மடித்துவிடுவார். பிற்பாடு பிரிக்கிறவன் நகத்தால் தேட வேண்டாம் என்பதற்காக. அந்த வட்டாரத்தில் வேறு எந்தப் பட்டறையிலும் அப்படிச் செய்வதில்லை.

காலையிலும் மடித்திருக்கிறார்.

அவள் வயரோடு இருந்த பிளக்கை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

“வெயில்ல பொறி தெரியலீங்க மாமா. கையில புடிச்சுப் பார்த்துச் சொல்லுங்க.”

கூட்டம் நெருங்கி வந்தது.

மாட்டேன் என்று சொல்லலாம். செத்த வயரைப் பிடிக்க என்ன பயம் என்று கேட்பார்கள்.

வலது கையில் பிளக்கின் இரும்பைப் பிடித்தார். இடது கையைச் சேஸிஸில் ஊன்றினார். முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

உதைத்தாள்.

கரண்ட் தோள்பட்டை வரை அறைந்தது. பல் கிட்டியது.

“வந்துச்சுங்களா?”

“இல்ல அம்மிணி.”

யாரோ உச்சுக் கொட்டினார்கள்.

மறுபடி உதைத்தாள். நாக்கு பல்லில் அகப்பட்டுக்கொண்டது. வாய் உப்புக் கரித்தது.

“இப்பங்க?”

“இல்ல.”

பிளக்கைப் பிடுங்கி மாட்டி ஒரு உதை விட்டால் வண்டி சீறிக்கொண்டு கிளம்பும். லைனுக்குப் போக நேரமும் இருந்தது. அவளுக்கு அது தெரியும். அவள் அவர் வாயை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள். கரண்ட் இருக்கிறது என்று அந்த வாய் சொல்ல வேண்டும்.

கொடி விழும்வரை தாங்கினால் போதும் என்று நினைத்தார். மகன் ஜெயித்துவிடுவான்.

ஐந்தாவது உதையிலோ ஆறாவது உதையிலோ விசில் கேட்டது, கொடி விழுந்தது. இருபது வண்டிகள் ஒன்றாக அலறின. கூட்டம் கயிற்றுப் பக்கம் ஓடியது. புழுதி வந்து வண்டியை மூடியது.

அவர் மூச்சு விட்டார். விரல்களைத் தளர்த்தினார்.

புழுதி அடங்கியபோது அவளுடைய அப்பா மட்டும் போகாமல் நின்றிருந்தார். கைகளைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“இல்லாத கரண்டுக்கு என்னங்க பயம், சம்பந்தி? நல்லாப் புடிங்க.”

அவர் விரல்கள் மறுபடி இறுகின.

மருமகள் திரும்பிப் பந்தயத்தைப் பார்க்கவில்லை. கிக்கரின் மேல் காலைத் தூக்கி வைத்தாள்.

மொத்தம் இருபத்தைந்து சுற்று. முதல் சுற்றே இன்னும் முடியவில்லை.