கேட்காத சத்தம்

"ஏதோ சத்தம் வருது."

தணிகாசலம் ஐயா வசனத்தை நடுவிலேயே நிறுத்திவிட்டார். இது மூன்றாவது முறை.

படப்பிடிப்பு நடந்த லாட்ஜ் அறையில் இருந்த அத்தனை தலைகளும் அவள் பக்கம் திரும்பின.

அவள் காதில் ஹெட்ஃபோன் இருந்தது. அதில் எந்தச் சத்தமும் இல்லை.



ஏழு வருடம், மைக் கட்டிய கம்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றவள். வலது தோள் கொஞ்சம் இறங்கியதுதான் அதில் கண்ட முன்னேற்றம். கல்யாண வீட்டு மைக் செட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அம்மா கேட்பதை நிறுத்தியதே போன மாதம்தான். ஒலிப்பதிவாளர் நாற்காலியில் அவள் உட்காரும் முதல் படம் இது.

அந்த நாற்காலியில் முந்தாநாள் வரை உட்கார்ந்திருந்தவர், பக்கத்து அறையில் ஃப்ரிட்ஜ் ஓடியதைக் கவனிக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக்கூட நிறுத்தாமல் அனுப்பிவிட்டார்கள்.

நாற்காலியின் முதுகில் அவருடைய துண்டு இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

"என்னம்மா? ஐயா காதுல விழுது, உன் காதுல விழலையா?"

இயக்குநர் மரியதாஸ் மெதுவாகத்தான் கேட்டார். கத்தியிருக்கலாம்.

"பாக்குறேன் சார்."

பார்க்கிறாளாம். சத்தத்தை.

உதவி இயக்குநர் ஒருவர் கட்டிலுக்கு அடியில் தவழ்ந்துபோனார். "யாரோட செருப்போ ஒண்ணு கெடக்கு சார். சத்தம் எதுவும் போடல."

யாரும் சிரிக்கவில்லை. ஏசியை அவள்தான் நிறுத்தச் சொல்லியிருந்தாள். மின்விசிறியையும். விளக்குச் சூட்டில் யூனிட்டே அவிந்துகொண்டிருந்தது. வந்த ஒரே நாளில் அவளுக்குப் பட்டப்பெயர் விழுந்துவிட்டது: கரண்ட் கட்.

ஐயா நாற்பது வருடமாக நடிக்கிறவர். பக்கம் பக்கமாக வசனத்தை ஒரே மூச்சில் பேசிவிட்டு வெற்றிலை கேட்பவர். அவர் கேட்கிறது என்றால் கேட்கிறது. பழுது யாருடைய காதில் என்பதில் அறையில் ஒருவருக்கும் சந்தேகம் இல்லை.

அவளுக்கும் இல்லை.

"சார், ஒரு நிமிஷம் யாரும் அசையாம இருந்தா கண்டுபிடிச்சிருவேன்."

"ஒரு நிமிஷம்." மரியதாஸ் தன் ஹெட்ஃபோனைக் கழற்றி மானிட்டர் மேல் வைத்தார். "அப்புறமும் சத்தம்னா, நீ மூட்டைய கட்டிக்க."

அறை உறைந்தது.

வழுக்கும் விரலால் ஒவ்வொரு மைக்கின் ஒலியையும் தனித்தனியாக ஏற்றிக் கேட்டாள்.

தலைக்கு மேலே இருந்த மைக்கில், மூடிய ஜன்னலுக்கு அப்பால் ஒரு காகம். அது வசனத்தைக் கெடுக்காது.

மகனாக நடிப்பவரின் சட்டைக்குள் இருந்த மைக்கில், பசித்த வயிறு.

ஐயாவின் சட்டைக்குள் இருந்த மைக்கில்...

திடும். திடும். திடும்.

மோட்டார்! அப்பாடா, கிடைத்துவிட்டது என்று முதலில் நினைத்தாள்.

மோட்டார் இல்லை. நெஞ்சு.

அதற்கு மேலே, மூச்சோடு மூச்சாக ஒரு முணுமுணுப்பு.

"உன்ன ஹாஸ்டல்ல விட்டுட்டு வந்த அன்னைக்கு நான் பஸ் ஏறலடா. கேட்டுக்கு எதிர்ல... எதிர்ல..."

மறுபடி முதலிலிருந்து. ஹாஸ்டல். பஸ். கேட்.

"எதிர்ல..."

மூன்று முறையும் அவருக்குச் 'சத்தம்' வந்தது அந்த இடத்தில்தான்.

அவர் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். பின்னாலிருந்து பார்த்தால் மலை மாதிரி இருந்தார்.

மரியதாஸின் கை ஹெட்ஃபோனை எடுத்தது.

அவர் ஒரு தடவை கேட்டால் போதும். அவள் காதில் பழுதில்லை என்று தெரிந்துவிடும். நாற்காலி அவளுக்குத்தான்.

யோசித்திருந்தால் அப்படியே விட்டிருப்பாள். விரல் முந்திக்கொண்டது. இயக்குநருக்குப் போகும் ஒலியில், ஐயாவின் மைக்கை அடிவரை இறக்கிவிட்டது.

"ஒண்ணுமே கேக்கலையே?"

"லேசா இருக்கு சார். எனக்குக் கேக்குது. இன்னொரு நிமிஷம் குடுங்க."

மரியதாஸ் அவளையே பார்த்தார்.

"எடுத்துக்கங்க மேடம். அப்புறம் நேரா டேக். அதுவும் நின்னா, இவங்களுக்கு ஒரு வண்டி சொல்லிருங்கப்பா."

'அம்மா' போய் 'மேடம்' வந்துவிட்டது.

ஐயாவின் கை சட்டைப் பொத்தானுக்குப் போனது. உள்ளே மைக் இருந்த இடத்தைத் தொட்டது. அங்கேயே நின்றது.

மெல்லத் திரும்பி, நேராக அவளைப் பார்த்தார்.

அந்தப் பயந்த முகத்தை அவள் இன்று காலை பல் தேய்க்கும்போது கண்ணாடியில் பார்த்திருந்தாள்.

அறை மறுபடி உறைந்தது.

அவர் கண்ணை எடுக்கவில்லை. உதடு மட்டும் அசையத் தொடங்கியது. ஹாஸ்டல். பஸ். கேட்.

"எதிர்ல..."

நின்றது.

திடும். திடும்.

மரியதாஸ் வாட்ச்சைப் பார்த்தார்.

காலை ஒத்திகையில், காகிதத்தைப் பார்த்து ஐயா அந்த வரியை முழுதாகப் படித்திருந்தார். அவளுக்கு நினைவிருந்தது.

ஹெட்ஃபோனை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்தாள். மூச்சுக்கூட விடாமல், உதட்டால் மட்டும் சொன்னாள்.

டீக்கடையில.