கேமராவின் கடிகாரம்

“இந்தத் தேதியெல்லாம் தப்புன்னு ஒரு வார்த்தை சொல்லுங்கண்ணா. அப்பதான் நான் வீட்டுக்குப் போவேன்.”

புருஷனின் கேமராவிலிருந்து கழற்றிய மெமரி கார்டை மேஜைமேல் வைத்துவிட்டு, தோளில் தூங்கும் கைக்குழந்தையை இறுக்கிக்கொண்டு நின்றாள் அவள். ஸ்டூடியோக்காரர் கார்டைக் கம்ப்யூட்டரில் செருகினார்.

படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. சமையலறை, மாடிப்படி, ஜன்னலோரம். எல்லாவற்றிலும் பச்சைப் புடவையில் ஒரு பெண். எல்லாம் இந்த மாதத் தேதி.

“யாரும்மா இது? மாத்திக் கட்ட வேற புடவையே இல்லையா?”

“அவரோட முதல் சம்சாரம்ணா.”

ஸ்டூடியோக்காரருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஊரார் கல்யாணத்துக்கெல்லாம் கேமரா தூக்கியவர், இந்த மாதிரி புருஷன்மார்களை எத்தனை பார்த்திருப்பார்!

“வீட்டுக்காரர் என்ன சொல்றாரு?”

“இவங்களை நான் எடுக்கவே இல்லைன்னு பிள்ளை தலையில அடிச்சு சத்தியம் பண்றாரு. பழைய படமா இருக்கும், தேதி மாறி விழுந்திருக்கும்ங்கிறாரு.”

“நல்லாத்தான் காதுல பூ சுத்துறாரு” என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் முகத்தில் கோபமே இல்லை. பயம்தான் இருந்தது. பாவம், வாழ்க்கை கைவிட்டுப் போகிறதே என்ற பயம் என்று நினைத்துக்கொண்டார்.

“பேட்டரி தீர்ந்துபோனா கேமரா கடிகாரம் குழம்பிடும்மா. எத்தனையோ பேருக்குச் சரிபண்ணிக் குடுத்திருக்கேன். தேதி நிச்சயமாத் தெரிஞ்ச படம் ஒண்ணைக் காட்டு. அதுல எவ்வளவு பிசகியிருக்கோ, அவ்வளவையும் எல்லாப் படத்துலயும் தள்ளிடலாம்.”

அவளுக்கு உயிர் வந்தது. “பாப்பா பிறந்த அன்னிக்கு எடுத்தது இருக்குண்ணா. ஆஸ்பத்திரியில கையில கட்டின பட்டையில தேதி எழுதியிருக்கும்.”

படத்தைப் பெரிதாக்கினார். பட்டையில் இருந்த தேதியும் கேமரா போட்ட தேதியும் ஒன்றாகவே இருந்தன.

“கடிகாரம் சரியாத்தாம்மா ஓடியிருக்கு.”

“அதுக்கப்புறம் கெட்டுப்போயிருக்கலாம்ல? நல்லாப் பாருங்கண்ணா” என்று கெஞ்சினாள்.

அவளுக்காகவே கடைசிப் படம்வரை போனார். இன்று காலை எடுத்ததாகத் தேதி காட்டியது. அதை அவளும் இன்னும் பார்த்திருக்கவில்லை. தொட்டிலில் இந்தக் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. அதே பச்சைப் புடவைக்காரி தொட்டிலுக்குள் குனிந்து, குழந்தையின் கன்னத்தில் கை வைத்திருந்தாள்.

பழைய படம் என்ற பேச்சுக்கே இனி இடமில்லை. ஸ்டூடியோக்காரருக்கு ரத்தம் கொதித்தது.

“தொட்டில் வரைக்கும் வந்துட்டாளே! நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா எல்லாரும் தலைமேல ஏறத்தான் செய்வாங்க. அவகிட்ட இன்னும் பழைய சாவி இருக்கும்மா. இன்னிக்கே வாசல் பூட்டை மாத்து.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. குழந்தையின் கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“பூட்டு என்னண்ணா பண்ணும், அந்தப் புடவையிலதான் அவங்களைப் புதைச்சாங்க.”