இந்த மாத நிகழ்ச்சிகள்

கரும்பலகையில் "12 – வட்டார மல்யுத்தப் போட்டி" என்று வைஷாலி டீச்சர் எழுதிக்கொண்டிருந்தபோது, தண்ணீர்த் தொட்டிப் பக்கம் தொப்பென்று ஒரு சத்தம் கேட்டது. சற்று விட்டு இன்னொன்று. அதன்பின் கத்தலும் இல்லை, அழுகையும் இல்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது. சாக்பீஸைப் போட்டுவிட்டு ஓடினாள்.

தொட்டிக்குப் பின்னால் ஏழாம் வகுப்பு சித்து இரண்டு கையாலும் ஒரு செங்கல்லைத் தலைக்கு மேல் தூக்கியபடி மண்டியிட்டிருந்தான். எதிரே துவைக்கிற கல்லின் மேல் அவன் வகுப்புத் தோழன் விக்ராந்தின் வலது கை கிடந்தது. விக்ராந்தின் வாய்க்குள் கைக்குட்டை திணித்திருந்தது.

டீச்சர் செங்கல்லைப் பிடுங்கி எறிந்தாள். அதே வேகத்தில் சித்துவின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள். பதினோரு வருட வேலையில் ஒரு பிள்ளையை அவள் அடித்தது அதுதான் முதல் தடவை.

"எதுக்குடா அடிச்சே?"

சித்து தேம்பித் தேம்பி அழுதான். விக்ராந்த் இடது கையால் கைக்குட்டையை உருவிப் போட்டுவிட்டு, "தண்ணி குடுங்க டீச்சர்" என்றான். மணிக்கட்டு அதற்குள் புடைத்துக் கறுத்துவிட்டது.

பள்ளியில் மதியக் கிச்சடி சமைப்பவள் சித்துவின் அம்மா ஷெவந்தா. விஷயம் கேட்டுக் கரண்டியோடு வந்தாள். "பைல்வான் பிள்ளை மேலயா கை வெச்சே? நம்மை உயிரோட பொதைச்சிருவாரேடா." முதுகு, கால், தோள் என்று பார்க்காமல் சாத்தினாள். கரண்டிக் காம்பு வளைந்தது. குறுக்கே விழுந்த டீச்சருக்கும் ஒன்று பட்டது.

மருத்துவமனைக்கு அனுப்புமுன் விக்ராந்தின் சட்டையைத் தளர்த்தித் துணியால் கையைத் தூக்கிக் கட்டினாள் டீச்சர். முதுகில் கயிறு கயிறாகத் தடிப்புகள் இருந்தன.

"இது என்னடா?"

"பயிற்சியில விழுந்தேன் டீச்சர்."

மறுநாள் காலை விக்ராந்தின் அப்பா ஹிந்துராவ் வந்தார். ஒரு காலத்தில் கோலாப்பூர் வரை பேர் வாங்கிய மல்யுத்தக்காரர். ஊருக்கே அவர் பைல்வான்தான். இரண்டு காதுகளும் நசுங்கிப் பணியாரம் மாதிரி இருந்தன. தலைமை ஆசிரியர் விடுப்பில் இருந்ததால் வைஷாலி டீச்சர்தான் பொறுப்பில் இருந்தாள். நாற்காலியைக் காட்டினாள். அவர் அதைப் பார்க்கவே இல்லை.

மூலையில் அம்மாவோடு நின்ற சித்துவின் கழுத்தை ஒரே கையால் பிடித்துத் தூக்கிச் சுவரில் மோதினார். மாட்டியிருந்த கடிகாரம் விழுந்து நொறுங்கியது. பையனின் உதடு கிழிந்து ரத்தம் சட்டையில் சொட்டியது.

"பாதாம் பாலும் நெய்யுமா ஊத்தி வளர்த்த கைடா அது. யார் சொல்லி அடிச்சே? போட்டிக்கு வர்ற அந்தக் காகல் ஊர்ப் பசங்களா?"

சித்துவின் கண்கள் ஒரு கணம் விக்ராந்திடம் போய்விட்டுக் கீழே இறங்கின. மாவுக்கட்டோடு வாசலில் நின்ற விக்ராந்த் தலையை மெல்ல அசைத்தான்.

"அவனை விடுங்க பைல்வான்" என்றாள் டீச்சர். "விடலேன்னா போலீஸுக்குப் போன் பண்ணுவேன்."

அவர் கையை எடுத்ததும் சித்து மூட்டையாகச் சரிந்தான். ஷெவந்தா அவர் காலில் விழுந்தாள்.

"பேரை வெட்டி அனுப்புங்க டீச்சர்" என்றார் ஹிந்துராவ்.

"பேரை வெட்ட வேணாம்பா" என்றான் விக்ராந்த். "கொஞ்ச நாள் வராம இருந்தாப் போதும்."

"உன்னை யார் கேட்டா?" அவன் பிடரியில் ஓர் அறை விழுந்தது. கட்டுப் போட்ட கை கதவில் இடித்தது. அப்போதும் அவன் கத்தவில்லை.

எலும்பை உடைத்தவனுக்காகப் பரிந்து பேசுகிறானே என்று டீச்சருக்குக் கண் கலங்கியது. இந்த மாதக் கடைசி வரை சித்து பள்ளிப் பக்கம் வரக் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஷெவந்தா அந்தத் தாளை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

ஹிந்துராவ் கொஞ்சம் அடங்கினார். "அடுத்த மாசம் மாவட்டப் போட்டி என்னைக்கு?"

"இருபத்தொம்பது. ஆனா கட்டு இருக்குமே."

"சின்ன விரிசல்தானாம். மூணு வாரத்துல பிரிச்சிருவாங்க. வட்டாரத்துல எறங்காமலே நேரா மாவட்டத்துல சேர்த்துக்கறோம்னு சொல்லிட்டாங்க." மகனின் முதுகில் தட்டினார். அவன் உடம்பு சுருங்கியது. "போன வருஷம் தோத்துட்டு வந்தான். ராத்திரி பூராக் கிணத்துக் கயித்தால வாங்கினான். இந்தத் தடவை தோக்க மாட்டான்."

அவர் வெளியே போய் வண்டியை உதைத்தார்.

விக்ராந்த் உடனே போகவில்லை. சித்துவின் பக்கத்தில் குனிந்து, சட்டை நுனியால் அவன் உதட்டு ரத்தத்தைத் துடைத்துவிட்டான். பிறகு யாருக்கும் கேட்காது என்று நினைத்து, மெல்லிய குரலில் சொன்னான்:

"அடுத்த மாசம் இடது கைடா, இந்தத் தடவை மாதிரி பயந்து பயந்து போடாதே."