வேலிக்குப் பத்து வயது

கேக்கின் மேல் கிறீமால் பெரிதாகப் 'பத்து' என்று எழுதியிருந்தது. இக்னேசியஸ் அதை மேசையில் வைத்ததும் மனைவி அன்ரனெற் வெட்கப்பட்டுச் சிரித்தாள். பிறகுதான் கணக்குப் பார்த்தாள்.

"எங்கடை கலியாணத்துக்கு இருபத்தாறு வருசமெல்லோ?"

"உம்மடை கலியாணத்தை விடும். எங்கடை வேலிக்கு இண்டைக்குப் பத்து வருசம்!"

எண்பத்தெட்டில் கனடாவில், ஸ்காபரோவில் அந்த வீட்டை வாங்கியவுடன், உக்கிப்போன வேலியைப் பிடுங்கிப் புதிது போட்டார் இக்னேசியஸ். போட்டபோது, யாழ்ப்பாணத்துக் கைப்பழக்கத்தில், பக்கத்து வீட்டு வேரோனிக்காவின் காணிக்குள் அதை இரண்டடி அரக்கிவிட்டார். பத்து வருசம் ஒருவரும் கேட்காவிட்டால் பிடித்தவருக்கே நிலம் என்று ஒரு லோயர் சொன்னதிலிருந்து, முதற்பிள்ளைக்காரி மாதம் எண்ணுவதுபோல வருசங்களை எண்ணிக்கொண்டிருந்தார். அந்த இரண்டடி கிடைத்தால் டிரைவ்வேயில் இரண்டாவது காரும் நிற்கும்.

கேக் துண்டோடு அவரே போய் விசயத்தை உடைத்தார். வேரோனிக்கா கோபிக்கவேயில்லை.

"அப்ப பத்து வருசம் காணுமோ, அண்ணை? ஆரெண்டாலும்?"

"ஆரெண்டாலும்! இந்த நாட்டுச் சட்டம் ஆள் பாக்காது, பிள்ளை."

"அப்பச் சரி. சேர்வேயரைக் கூப்பிடுங்கோ, அளந்து எழுத்திலை முடிப்பம்."

'பாவம், ஒண்டும் விளங்காத மனிசி' என்று அன்ரனெற்கூட உச்சுக்கொட்டினாள்.

சனிக்கிழமை சேர்வேயர் வந்தார். தெருவில் பாதிப்பேருக்கு அன்றைக்கென்று புல்லு வெட்ட வேண்டியிருந்தது. முன்பக்கத்து இரண்டடி வேரோனிக்காவின் நிலம்தான், அதில் பிழையில்லை. அளவுநாடாவோடு பின்வளவுக்குப் போனவர் அங்கே நின்று தலையைச் சொறிந்தார். பழைய வேலியின் தடத்திலேயே வேலி வளைந்துபோய் முட்டுகிற வேரோனிக்காவின் கராஜ், எட்டடி இக்னேசியஸின் காணிக்குள் நின்றது.

இக்னேசியஸுக்குச் சட்டம் அந்த நிமிசமே மாறிவிட்டது.

"அடுத்தவன்ரை காணியிலை கட்டுறதோ? காணி உறுதி ஆற்றை பேரிலை கிடக்கு? உதென்ன, கேட்டுக் கேள்வியில்லாத நாடோ? நாளைக்கே உதை இடிக்கவேணும்!"

தெருவில் புல்லு வெட்டும் மெசின்கள் எல்லாம் ஓய்ந்தன. வேரோனிக்கா கோப்பியை ஆறுதலாக ஒரு மிடறு குடித்தாள்.

"கராஜ் கட்டிப் பதினாலு வருசம், அண்ணை."