இல்லை என்போர்

சட்டமன்றத்தின் நட்டநடுவே உட்கார்ந்து குறிப்பெடுக்கும் சுருக்கெழுத்துக்காரிக்குத் தன் காதின்மேலேயே சந்தேகம் வருகிறது. காலையிலிருந்து ஒரு கூச்சல் இல்லை. நேற்றுவரை கீரியும் பாம்புமாக இருந்தவர்கள்தான் இவர்கள். அமைச்சர் கண்ணாடியை மறந்துவிட்டு வந்து, மசோதாவை எட்டப் பிடித்துத் திண்டாடுகிறார். எதிர்க்கட்சித் தலைவர் எழுந்து வந்து தன் கண்ணாடியைக் கழற்றி நீட்டுகிறார். "இதைப் போட்டுக்கங்கண்ணே." "உன் கண்ணாடியில பாத்தா நாங்க செய்யறதெல்லாம் தப்பாவே தெரியுமேப்பா!" 'சிரிப்பு' என்று அவள் குறித்துக்கொள்கிறாள். அமைச்சர் அதையே போட்டுக்கொண்டு வாசிக்கிறார். இறந்தே பிறந்த குழந்தைக்கும் பெற்றவர்கள் வைத்த பெயரை இனி அரசுப் பதிவேட்டில் ஏற்றலாம். மேலே பார்வையாளர் மாடத்தில், இதற்காக வருடக்கணக்காக நடையாய் நடந்த தம்பதி கம்பியைப் பற்றிக்கொண்டு குனிகிறார்கள். "ஆம் என்போர்?" என்கிறார் சபாநாயகர். இரு பக்கத்து மேசைகளும் அதிர்கின்றன. "இல்லை என்போர்?" வழக்கமாக இந்த இடத்தில்தான் கூரை பிய்த்துக்கொண்டு போகும். பழக்க தோஷத்தில் அவள் கை 'கூச்சல்' என்று முந்திக்கொண்டு எழுதிவிடுகிறது. ஆனால் மின்விசிறிகளின் கிறீச்சு மட்டுமே கேட்கிறது. எழுதியதை அடித்துவிட்டு அவள் யோசிக்கிறாள். சிரிப்புக்கும் சண்டைக்கும் குறி இருக்கிறது, இதற்கு எதைப் போடுவது? பேனா அந்தரத்தில் நிற்க, மாடத்திலிருந்து அந்தப் பெண் கணவனிடம் கிசுகிசுப்பது கீழே வரை கேட்கிறது.

"பாத்தீங்களா, நம்ம பாப்பாவ யாருமே இல்லைன்னு சொல்லல."