விரல் விசில்

கால்பந்துக் கோச் பரிதி கல்லூரிக்கு வந்த முதல் வருடமே கோப்பை கிடைத்தது. "ஜெரோம் மாஸ்டர் வளத்த பயலுவல்லா," என்றார் முதல்வர். ஜெரோம், ஓய்வு பெற்றுப்போன பழைய கோச். இரண்டாம் வருடம் முதல் ஆட்டத்திலேயே தோற்றார்கள். "இது நீங்க எடுத்த டீம்லா, சார்?" என்றார் அதே முதல்வர்.

அடுத்த ஆட்டத்தில் முன்னால் ஏறிப்போனவர்களைப் பார்த்து, "பின்னால வாங்கலே!" என்று பரிதி தொண்டை கிழியக் கத்தினார். ஒருவனும் திரும்பவில்லை. கேலரியில் இருந்த ஜெரோம் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரு விசிலடித்தார். அத்தனை பேரும் இறங்கி வந்தார்கள், பரிதி எடுத்த புதுப் பையன்கள்கூட.

ஜெயித்தார்கள். "மாஸ்டர் வந்தாரு, ஜெயிச்சிட்டோம்," என்று பரிதியிடமே சொல்லிக் கைகுலுக்கினார் முதல்வர்.

பரிதி குளியலறைக்குள் போய்த் தாழிட்டார். குழாயைத் திறந்துவிட்டு, இரண்டு விரலை வாயில் வைத்து ஊதினார்.

காற்றுதான் வந்தது.