பதினாலாம் புள்ளி

"அந்தப் பதினாலாம் நம்பர் எவன்னு மட்டும் சொல்லுக்கா. இன்னைக்கே தேவிய இட்டுக்கினு போய் அவங்கம்மா வூட்டுல வுட்டுட்டு வந்துர்றேன்!"

மடியிலிருந்த பச்சை ஹெல்மெட்டைக் குத்தினான் தமிழழகன்.

அவன் அக்கா பாரதி, ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் பேராசிரியை. கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டு நெரிசலைக் குறைக்க, கேமரா பதிவுகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறாள். திரையில் முகங்கள் இல்லை. ஆளுக்கொரு நம்பர் போட்ட புள்ளி, நடுநடுவே கோடுகள்.

"யாரப் பாத்து யார் நகர்றாங்கன்னு இது கத்துக்கும். அடுத்த அடிய எங்க வைப்பாங்கன்னு முன்னாடியே சொல்லும். உன் வூட்டுச் சண்டைக்கு இல்லடா இது."

"ஒம்போது தேவிதானே?"

"செவ்வாக்கிழம சாயங்காலம், மஞ்சப் புடவ, பூக்கடையாண்டன்னு நீதானே அடையாளம் சொன்ன? உனக்கெப்படி இவ்ளோ தெரியும்?"

"தெரியும், வுடு. எவனையோ பாக்கத்தான் போனா. எவன்னுதான் புடிபடல."

ஒன்பது நகர்ந்தால் பதினாலும் நகர்ந்தது. ஒன்பது நின்றால் அதுவும் நின்றது. கம்ப்யூட்டர் சொன்ன இடத்துக்கெல்லாம் அச்சுப் பிசகாமல் போனது. இரண்டுக்கும் நடுவே தடித்த சிவப்புக் கோடு.

தமிழழகன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டான். கட்டிய புருஷன் கடைத்தெருவுக்குக் கூப்பிட்டால் தலைவலி என்பவள், எவனோடோ ஊர்வலம் போகிறாளே!

"இன்னாமா ஒட்டிக்கினு போறான் பாரு!"

"நல்லாப் பாருடா. கோடு ஒரு பக்கமாத்தான் போவுது. அவன்தான் இவ பின்னாடி சுத்தறான். இவ அவன கண்டுக்கவே இல்ல."

"எல்லாம் நடிப்பு. மூஞ்சியக் காட்டு."

பாரதிக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "காட்றேன். ஆனா அவ மேல தப்பு இல்லன்னா, கால்ல வுழுந்து மன்னிப்பு கேக்கணும். சரியா?"

"வுழறேன். நீ காட்டு."

அசல் வீடியோவைத் திறந்தாள். புள்ளிகள் ஆட்களாக மாறின. பூக்கடையில் மஞ்சள் புடவையில் தேவிப்ரியா தனியாக நின்று, மல்லிக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். சற்றுத் தள்ளி, வெள்ளிமலை பஸ்ஸுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு ஒருவன் அவளையே எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவன் தலையில், இப்போது தமிழழகன் மடியில் இருக்கும் அதே பச்சை ஹெல்மெட்.

"பதினாலு," என்றாள் பாரதி. "எந்திரிச்சி வூட்டுக்குப் போய் கால்ல வுழு."